மாவில்லாக் கிழங்கும் கரையாத இழையும்

கேள்வி பிறக்குமிடம்

நீரிழிவு என்று வைத்தியர் சொல்லிவிட்ட வீடுகளில் சோற்றுப் பாத்திரம் சிறுத்துப்போவதும், சப்பாத்தியில் ஒன்று குறைவதும், பண்டிகை நாளில்கூடச் சேமியாப் பாயசத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். அத்தகைய வீட்டிலிருந்து பட்டணத்துப் பெரிய கடைக்குப் போகும் ஒருவர், அங்கே அலமாரியில், தெளிந்த நீர் நிரம்பிய பையொன்றுக்குள் கண்ணாடிபோல் மங்கலாக ஒளிரும் வெண்ணிற இழைகள் சுருண்டு கிடப்பதைக் கண்டு கையிலெடுத்துப் பார்க்கிறார். நூடுல்ஸ் என்று எழுதியிருக்கிறது. கிழங்கிலிருந்து செய்யப்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. மாவுச்சத்து அநேகமாக இல்லை என்றும் அதே கையோடு எழுதியிருக்கிறது. கிழங்கு என்றாலே மாவு என்று, உருளையும் மரவள்ளியும் சேனையும் தின்று வளர்ந்த நாம் அறிந்திருக்க, மாவில்லாத கிழங்கு என்பதொன்று எப்படி இருக்க முடியும் என்ற சந்தேகம் அவருக்கு எழுவது இயல்பே.

அதைவிட நுட்பமான வினாவொன்று அந்தப் பைக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டுச் சேமியாவை வெந்நீரில் போட்டுவிட்டு வாசலில் யாரோடாவது பேசப் போய்விட்டால், திரும்பி வருவதற்குள் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடக்கும். இந்த இழையோ தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாள் முதல் மாதக்கணக்காக ஜலத்திலேயே ஊறிக் கிடந்தும் பருக்கவில்லை, குழையவில்லை. அடுப்பிலேற்றிக் கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் இளகுவதில்லை. மாவில்லாமை ஒரு புதிர், கரையாமை மற்றொரு புதிர். இரண்டுக்கும் விடை ஒரே பதார்த்தத்தில் இருக்கிறது. அந்தப் பதார்த்தத்தின் ஸ்வபாவத்தை அறிந்துகொள்ளாமல் கோதுமை நூடுல்ஸைச் சமைப்பதுபோலவே இதையும் சமைக்கப் புகுகிறவர்கள்தாம், ஒரு கவளம் தின்றுவிட்டு, ‘இது ரப்பர், மனிதர் தின்பதற்குரியதல்ல’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள்.

சேனையின் தூரத்து உறவு

ஜப்பானியர் ஷிராட்டாகி என்றழைக்கும் இந்த இழை, கொஞ்சாக் என்னும் செடியின் கிழங்கிலிருந்து வருகிறது. தாவர சாஸ்திரப்படி அது நம் சேனைக்கிழங்கின் ஜாதியையே சேர்ந்தது. புள்ளி விழுந்த ஒற்றைத் தண்டு, அதன் தலையில் குடைபோல் பிரிந்த இலை, பூக்கும் பருவத்தில் அழுகிய மாமிச நாற்றமடிக்கும் கருஞ்சிவப்பு மடல் என எல்லாவற்றிலும் குடும்பச் சாயல் தெரிகிறது. சேனையை நறுக்குகிறவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதற்கும், அதைப் புளித்தண்ணீரில் வேகவைப்பதற்கும் காரணமான அந்த அரிப்பும் இதற்கு உண்டு. கால்சியம் ஆக்ஸலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகத் திரண்டு இரண்டு கிழங்குகளிலும் நிறைந்திருக்கிறது.

ஆனால் உறவு அதோடு நிற்கிறது. வருங்காலத்துக்கென்று ஒவ்வொரு கிழங்கும் தன்னுள் ஏதோ ஒரு செல்வத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. சேனை பெரும்பாலும் மாவுச்சத்தாகச் சேமிக்க, கொஞ்சாக் வேறொரு பொருளாகச் சேமிக்கிறது. அப்பொருளுக்கு ரசாயன நூல்களில் குளுக்கோமன்னன் என்று பெயர். ஜலத்தில் போட்டால் பசையாகப் பொங்குவதாலும், நார்ச்சத்து வகுப்பைச் சேர்ந்ததாலும், இந்த அத்தியாயத்தில் அதை நார்ப்பசை என்றே வழங்குவோம்.

ஜப்பானில் விளையும் கொஞ்சாக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் டோக்கியோவுக்கு வடமேற்கே மலைகள் சூழ்ந்த குன்மா மாகாணத்திலிருந்தே வருகிறது. அங்குள்ள ஷிமோனிட்டா என்னும் சிற்றூரின் பெயரைச் சொன்னாலே ஜப்பானியருக்குக் கொஞ்சாக் நினைவுக்கு வரும். குளிரைத் தாங்காத கிழங்காகையால், வசந்தத்தில் நட்டதை இலையுதிர் காலத்தில் தோண்டியெடுத்து, குளிர்காலம் முழுவதும் கதகதப்பான அறையில் பாதுகாத்து, மறு வசந்தத்தில் மீண்டும் நட்டு, இவ்விதம் மூன்றாண்டளவு வளர்த்த பிறகே ஆலைக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவு சிரமப்பட்டு வளர்த்த கிழங்கு எளிதில் அழுகிவிடுமாகையால், முற்காலத்தில் அது விளைந்த ஊரைத் தாண்டிப் பிரயாணம் செய்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய இபராக்கி மாகாணத்திலிருந்த மித்தோ நாட்டு விவசாயியான நகாஜிமா தோயெமோன் என்பவர், மண்வெட்டி பட்டு வெட்டுண்ட கிழங்கொன்று அழுகாமல் வெண்மையாகக் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, கிழங்கைச் சீவி உலர்த்திப் பொடியாக்கும் யுக்தியைக் கண்டார் என்று அவ்வூர்க் கதை கூறுகிறது. பொடியான பிறகு கொஞ்சாக் தேசமெங்கும் சென்றது.

அந்தப் பொடியை இடிக்கும்போது நடப்பதுதான் நம் முதற்புதிருக்குப் பாதி விடை. உலர்ந்த கிழங்கில் நார்ப்பசை கடினமான, கனத்த மணிகளாக இருக்கிறது. கூட இருக்கும் சிறிதளவு மாவுச்சத்தோ நொய்மையான தூசு. இடித்துக் காற்றை வீசினால் தூசு பறந்துவிடுகிறது, மணிகள் தங்கிவிடுகின்றன. இயற்கை குறைவாக வைத்த மாவையும் மனிதன் ஊதித் தள்ளிவிடுகிறான்.

பூத்தொடுப்பில் ஒரு பேதம்

மீதிப் பாதி விடை நம் வயிற்றுக்குள் இருக்கிறது. மாவுச்சத்தும் சரி, நார்ப்பசையும் சரி, இரண்டுமே சர்க்கரை அணுத்திரள்களைச் சரமாகக் கோத்த சங்கிலிகளே என்று சொன்னால், நீரிழிவுக்காரர் திடுக்கிட்டுப் பையைக் கீழே வைத்துவிடக்கூடும். ஆயினும் அது உண்மை. அரிசியின் மாவு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை மட்டும் கோத்த சரம். நார்ப்பசை, மன்னோஸ் என்னும் அதன் பங்காளிச் சர்க்கரையை எட்டுக்கும் குளுக்கோஸை ஐந்துக்குமாக, வரிசை ஒழுங்கு பாராமல் கலந்து கோத்த சரம். ஆனால் பேதம் சர்க்கரையின் பெயரில் இல்லை. கோத்த விதத்தில் இருக்கிறது.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் மல்லிகை தொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எல்லாப் பூவையும் ஒரே பக்கம் முகம் காட்டும்படி வைத்து நாரால் கட்டிக்கொண்டே போனால் சரம் தானாக வளைந்து சுருளும்; ஒரு பூவை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் மாற்றி மாற்றி வைத்தால் அது வளையாமல் நீண்டு கிடக்கும். மாவுச்சத்தின் சரம் முதல் வகை. நார்ப்பசையின் சரம் இரண்டாம் வகை. பருத்தி நூலும் மரக்கட்டையும் ஆன செல்லுலோஸ்கூட இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததுதான்.

இப்போது நம் உமிழ்நீரிலும் கணையத்திலிருந்து வரும் நீரிலும் இருந்து ஜீரணம் செய்கிற நொதிகளை எடுத்துக்கொள்வோம். அவை முதல் வகை முடிச்சை மட்டுமே அவிழ்க்கக் கற்றவை. ஒரு கவளம் சோற்றை வெறுமனே மென்றுகொண்டிருந்தால் சிறிது நேரத்தில் இனிக்கத் தொடங்குவது, வாயிலேயே அந்த முடிச்சுகள் அவிழ ஆரம்பித்துவிட்டதன் அடையாளம். இரண்டாம் வகை முடிச்சின் எதிரே அதே நொதி செய்வதறியாமல் நிற்கிறது. சரம் முழுசாகவே இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்துபோகிறது. சர்க்கரையால் ஆன சரமாக இருந்தும் அதிலிருந்து ஒரு சர்க்கரை மணிகூட அங்கே ரத்தத்தில் சேர்வதில்லை.

பெருங்குடலில் கதை சற்று மாறுகிறது. அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்கு இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியும். அவிழ்த்துத் தின்று, சில எளிய அமிலங்களையும் கொஞ்சம் வாயுவையும் வெளிவிடுகின்றன. அமிலங்கள் குடற்சுவருக்கே ஆகாரமாகின்றன. வாயு என்ன செய்யும் என்பதை, பழக்கமில்லாமல் முதல் நாளே இரண்டு பொட்டலத்தைத் தீர்த்தவர்கள் அன்றிரவே அறிந்துகொள்வார்கள்.

சுண்ணாம்பு செய்யும் மாயம்

இனிக் கரையாமையின் ரகசியம். கொஞ்சாக்கின் பொடியைத் தண்ணீரில் தூவிக் கிளறினால், அது மெல்ல ஜலத்தை உறிஞ்சிக் கொழகொழவென்ற பசையாகிறது. சூடுபடுத்தினாலும் ஆறவைத்தாலும் பசையாகவே இருக்கிறது, இழையாக நிற்பதில்லை. நீண்டு கிடக்கும் சரங்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ள முடியாதபடி, ஏறத்தாழ இருபது மணிக்கொன்றாக அவற்றில் ஒரு சிறு தொங்கல் இருக்கிறது. காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் துண்டு அது. அதைக் காடிக்குஞ்சம் என்போம். குஞ்சங்கள் இடையில் முட்டுக்கொடுத்துச் சரங்களை விலக்கி வைத்திருக்கும்வரையில் ஜலம் நடுவே புகுந்து அவற்றை மிதக்க வைத்துக்கொண்டேயிருக்கும்.

அந்தக் குஞ்சத்தை உதிர்க்க வல்லது க்ஷாரம், அதாவது சுண்ணாம்பு, சாம்பல் ஆகியவற்றின் நீருக்குள்ள குணம். ஜப்பானியக் கிராமத்தார் பழங்காலத்தில் சாம்பலை நீரில் ஊறவைத்துத் தெளிந்ததை இறுத்துப் பசையில் சேர்த்தார்கள். இன்று ஆலைகளில் சேர்ப்பது, வெற்றிலையில் நாம் தடவிக்கொள்கிற அதே நீர்த்த சுண்ணாம்பு. க்ஷாரம் பட்டதும் குஞ்சங்கள் உதிர்கின்றன. தடை நீங்கிய சரங்கள் சூட்டில் ஒன்றையொன்று தழுவி வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. பசையைச் சல்லடைத் துளைகளின் வழியே கொதிக்கும் சுண்ணாம்பு நீருக்குள் பிழிந்தால் விழும் கணத்திலேயே இழை இறுகுகிறது. உதிர்ந்த குஞ்சம் திரும்ப ஒட்டாதாகையால் பின்னிய வலையும் திரும்ப அவிழ்வதில்லை. ஜெலட்டினால் செய்த ஜெல்லி சூட்டில் உருகிவிடுவதையும், இது எவ்வளவு கொதித்தாலும் உருகாததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முன்னது தற்காலிக நட்பு, பின்னது பிரிக்கவொண்ணாத பந்தம் என்பது புலனாகும்.

அந்த வலைக்குள் அகப்பட்டிருப்பது என்ன? தண்ணீர். 100 கிராம் இழையில் 97 கிராம் அளவுக்கு ஜலமே. எஞ்சிய மூன்று கிராமை நம்பித்தான் இந்த வடிவம் முழுவதும் நிற்கிறது. அதனால்தான் பைக்குள் எவ்வளவு காலம் ஊறினாலும் அது மேலும் பருப்பதில்லை.

ஒரு பொட்டலமும் ஒரு வாணலியும்

200 கிராம் பொட்டலமொன்றை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவோம். பையின் முனையைக் கத்தரித்ததும் முதலில் வருவது மீன் வாடை. சைவக் குடும்பங்களில் இது பெரும் விவகாரமாகிவிடுவதுண்டு. கிழங்கு என்று சொல்லி மீனைக் கலந்துவிட்டார்களோ என்று முகம் சுளிக்கும் பாட்டிமாரைக் குறை சொல்வதற்கில்லை. டிரைமெத்திலமீன் என்னும் வாயு கொஞ்சாக் மாவிலும் சிறிது உண்டாகி, சுண்ணாம்பு நீரில் அடங்கிக் கிடந்து, பை திறந்ததும் எழுகிறது. மீன் பழசாகும்போது எழும் வாடைக்குக் காரணமும் அதுவே. மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். மற்றபடி மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மீன் கழுவுகிறவர்கள் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது ஏன்? அந்த வாயு க்ஷாரத் தன்மையுடையது. அமிலம் பட்டவுடன் உப்பாக மாறிவிடுகிறது. உப்பானது காற்றில் எழுந்து மூக்கை எட்டாது. அதே உபாயம் இங்கும் பலிக்கும். பை நீரை முழுவதும் கொட்டிவிட்டு, இழைகளை வடிதட்டில் போட்டுக் குழாய் நீரில் ஒரு நிமிஷம் அலசி, ஒரு கரண்டி காடி அல்லது அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்த கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் கிடத்தி, மறுபடியும் வடித்துவிட வேண்டும். கொதிக்க வைப்பது வேகவைப்பதற்கன்று. அது ஆலையிலேயே வெந்தாகிவிட்டது. இப்போது கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுவது நல்லது, ஏனெனில் பல்லுக்கு வழுக்கிச் செல்லும் இந்த நீண்ட இழைகள் கோதுமை இழைபோல் கடித்தவுடன் அறுந்துவிடுவதில்லை.

இனி வரும் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரும்பு வாணலியைக் காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டும் விடாமல், வடித்த இழைகளை அதில் பரப்பி மிதமான தீயில் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஆவி புஸ்ஸென்று எழும். ஜலம் வாணலியின் அடியில் குமிழியிடும். சில நிமிஷத்தில் குமிழ் அடங்கி, இழைகள் தம்முள் உராய்ந்தும் இரும்பில் உராய்ந்தும் கீச்கீச்சென்று ஒரு விநோத சப்தம் எழுப்பத் தொடங்கும். மேற்பரப்பின் ஈரம் நீங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. பளபளப்பு மங்கி, இழை சற்று மெலிந்து, தொட்டால் பிசுபிசுப்பின்றி இருக்கும். கோதுமை இழைக்கு நாம் ஜலத்தைக் கொடுத்துச் சமைக்கிறோம். இதற்கு ஜலத்தை எடுத்துச் சமைக்கிறோம். இந்த ஒரு தலைகீழ் மாற்றத்தைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை தாமே வரும்.

ஏன் அவ்வளவு பிரயாசை? கோதுமை நூடுல்ஸ் வேகும்போது கொஞ்சம் மாவைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கிறது. குழம்பில் புரளும்போதும் அந்த மாவே குழம்பைக் கெட்டியாக்கி இழையோடு ஒட்டவைக்கிறது. இழையும் உலர்ந்த நிலையிலிருந்து வந்ததாகையால் குழம்பை உள்ளே இழுக்கிறது. கொஞ்சாக் இழையோ மாவை உதிர்ப்பதுமில்லை, நிறைகுடமாதலால் உறிஞ்சுவதுமில்லை, வழுவழுப்பான மேனியில் எதையும் தங்கவிடுவதுமில்லை. ஈரம் போகாத இழையில் குழம்பை ஊற்றினால், குழம்பு நீர்த்துத் தட்டின் அடியில் தேங்க, இழை மேலே ருசியற்று மிதக்கும்.

ஆகவே குழம்பு தன் சொந்தக் காலில் நிற்கும் கெட்டியோடு வரவேண்டும். சோள மாவைக் கரைத்துவிடுவது எளிய வழியென்று தோன்றும். ஒரு மேசைக்கரண்டிச் சோள மாவில் ஏறத்தாழ 7 கிராம் மாவுச்சத்து இருப்பதால், வாசலில் துரத்திய விருந்தாளியைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்த கணக்காகிவிடும். அதைவிட நம் சமையலில் வேறு வழிகள் ஏராளம். வறுத்த வேர்க்கடலையையும் எள்ளையும் காய்ந்த மிளகாயோடு அரைத்த விழுது, தேங்காய் விழுது, கட்டித் தயிர் எல்லாமே எண்ணெய்யும் புரதமும் கலந்த கெட்டிகள். வழுக்கும் மேனியில் பூசிக்கொண்டு நிற்கும். ஈரம் உலர்த்திய இழையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அதே வாணலியில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு வெடிக்கவிட்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, நறுக்கிய முட்டைக்கோஸைச் சேர்த்து, அது துவளுமுன் இழையைக் கலந்து, எள்ளும் கடலையும் அரைத்த விழுதை இரண்டு கரண்டி விட்டுப் பிரட்டினால் ஒரு வேளைக்குரிய பண்டம் தயார். முட்டை உண்பவர்கள் ஒன்றை உடைத்து ஊற்றிக் கிளறலாம். முட்டையின் வெண்கரு இறுகும்போது இழைகளைச் சுற்றியே இறுகுவதால், கூடவே மசாலாவையும் சிறைப்பிடித்துவிடுகிறது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பும் சர்க்கரையும் மிகச் சிறிய திரள்கள். வலையின் கண்களுக்குள் நுழைந்து ஜலத்தோடு கலந்து உள்ளே போகின்றன, ஆனால் அதற்கு நேரம் வேண்டும். மிளகாய், பட்டை, பூண்டு ஆகியவற்றின் மணம் பெரும்பாலும் எண்ணெயில் கரைவதாகையால் ஜலமயமான வலைக்குள் எளிதில் புகாது. வெளியே பூசியதோடு நிற்கும். ஆகவே உப்பை முதலிலேயே, உலர்த்தும்போதே சேர்க்க வேண்டும். மணப்பொருள்களைக் கடைசியில் தாராளமாகச் சேர்க்க வேண்டும். ஜப்பானியர் சுகியாக்கி என்னும் மாமிசக் கொதிகலத்தில் ஷிராட்டாகியை இனிப்பும் உப்பும் கலந்த சாற்றில் மெதுவாகக் கொதிக்கவிடுவது, அவர்கள் இந்தச் சூட்சுமத்தை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

ரத்தத்தின் கணக்கு

தட்டில் வைத்த பண்டம் சரீரத்தில் என்ன செய்கிறது? ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதிலும், ஐந்து லிட்டருக்கும் சேர்த்து, எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவே, அதாவது 5 கிராமுக்கு மிகாது. வெந்த கோதுமை நூடுல்ஸ் 200 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது ஜீரணமானால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைப்போல் பத்து மடங்கு, இரண்டொரு மணி நேரத்தில் உள்ளே வந்து சேரும். அதை உடனுக்குடன் அப்புறப்படுத்தும் இன்சுலின் திறமை குறைந்தவருக்கே நீரிழிவு. அதே எடை கொஞ்சாக் இழையில் மொத்தம் 6 கிராம் அளவே திடப்பொருள், அதிலும் பெரும்பகுதி அவிழாத முடிச்சுள்ள நார்ப்பசை.

பலன் பெரும்பாலும் இல்லாத மாவிலிருந்து வருவது; இருக்கும் நாரிலிருந்து வருவது அதன்பின்தான். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் 1978-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நம் கொத்தவரை விதையின் பிசின் முதலான பல நார்களைக் குளுக்கோஸ் கரைசலோடு குடிக்கக் கொடுத்து, கரைசல் எவ்வளவு கொழகொழப்பாயிற்றோ அவ்வளவுக்கு ரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறியதைக் கண்டார்கள். அதே பிசினைச் சிதைத்துக் கொழகொழப்பைப் போக்கிவிட்டால் அந்தப் பலனும் போய்விட்டது. நார்ப்பசைப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தவர்களிடம் கண்ட பலன்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பொட்டலத்து இழையிலோ பசை சுண்ணாம்பில் ஏற்கெனவே இறுகிவிட்டது. இரைப்பையில் அது கரைந்து கொழகொழப்பை உண்டாக்குவதில்லை. பொடிக்குச் சொன்ன புகழையெல்லாம் இழையின் மேல் அப்படியே ஏற்றி விளம்பரம் செய்வது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தின் அளவு வழக்கமாக உண்ணும் மாவுக்கேற்ப வைத்தியர் நிர்ணயித்தது. ஒரு வேளை ஆகாரத்திலிருந்து 50 கிராம் மாவை எடுத்துவிட்டு மருந்தை மட்டும் பழையபடியே எடுத்துக்கொண்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டே தட்டை மாற்ற வேண்டும்.

மற்ற இழைகள்

கொஞ்சாக் கிடைக்காத ஊரில், அல்லது கிடைத்தும் விலை கட்டுப்படியாகாத வீட்டில், காய்களை நீளச் சீவி இழையாக்குவது எளிது. சுரைக்காய், விதை நீக்கிய வெள்ளரி, வெளிநாட்டார் விரும்பும் சுக்கினி எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். இங்கே ஜலம் வலையில் அல்ல, உயிரணுக்களின் பைகளில் இருக்கிறது. உப்பைத் தூவி இருபது நிமிஷம் வைத்தால் பைகளிலிருந்து கசிந்து வெளிவரும். துணியில் பிழிந்துவிட்டு, நன்கு காய்ந்த வாணலியில் ஒரு நிமிஷம் புரட்டினால் போதும். இரண்டாம் நிமிஷம் அது கூட்டாகிவிடும். முட்டையை மெல்லிய ஆடையாக வார்த்துச் சுருட்டி நறுக்கினால் அதுவும் ஓர் இழையே, புரதத்தால் ஆனது. சீனத்து யாங்ஜோ நகரத்துச் சமையற்காரர் இறுக்கி அழுத்திய சோயாக் கட்டியை நூலிழையாகச் சீவிச் சாற்றில் கொதிக்கவைக்கும் பண்டமும் இவ்வினமே.

ஏமாற்றும் இழைகளும் உண்டு. கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் பாசிப்பயற்றுச் சேமியா, பார்வைக்குக் கொஞ்சாக் இழையின் உடன்பிறப்பு. ஆனால் பயற்றின் புரதத்தைக் கழுவிக் கொட்டிவிட்டு வெறும் மாவை மட்டும் எடுத்துச் செய்தது அது, உலர்ந்த நிலையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மாவுச்சத்து. கேழ்வரகுச் சேமியாவும் இப்படித்தான். நாரும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட மிகுதி என்பது மெய்யே, ஆயினும் மாவுச்சத்து நூறு கிராமுக்கு எழுபதை ஒட்டி நிற்கிறது. சத்துள்ளது என்பதும் மாவு குறைந்தது என்பதும் வெவ்வேறு குணங்கள். கடைக்காரர் அவற்றை ஒன்றாக்கிவிடும்போது வாங்குகிறவர் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொடியை விழுங்காதீர்

இறுகிய இழையில் இல்லாத அபாயமொன்று உலர்ந்த பொடியில் உண்டு. தன் எடையைப்போல் பல மடங்கு ஜலத்தைக் குடித்துப் பொங்கும் பொருளை மாத்திரையாக்கித் தண்ணீரில்லாமல் விழுங்கினால், அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயிலேயே பொங்கி அடைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 1980-களில் அப்படி நேர்ந்து மாத்திரைகளைத் தடுத்தார்கள். கொஞ்சாக் சேர்த்த சின்னக் கிண்ண ஜெல்லிகளை ஒரே உறிஞ்சலாக உறிஞ்சிய குழந்தைகளுக்கு மூச்சடைப்பு ஏற்படவே, 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்குத் தடை விதித்தது. இழையை உண்ணும்போதும் குழந்தைகளுக்கும் பல்லில்லாத முதியோருக்கும் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுப்பதே விவேகம்.

உறைபெட்டியில் மறந்துவிட்டால்

மிஞ்சிய இழையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாள் கெடாமலிருக்கும். மேலே உறைபெட்டியில் வைத்துவிட்டால் வேறொரு வேடிக்கை நடக்கும். வலைக்குள்ளிருக்கும் ஜலம் பனிக்கட்டியாகத் திரளும்போது, தான் வளர்வதற்கு இடம் தேடிச் சரங்களையெல்லாம் ஓரத்துக்கு நெருக்கித் தள்ளுகிறது. நெருக்குண்ட சரங்கள் அங்கே கெட்டியான சுவர்களாக ஒட்டிக்கொள்கின்றன. வெளியே எடுத்து உருகவைத்தால் தண்ணீர் ஓடிவிட, எஞ்சுவது துளைகள் நிறைந்த கடற்பஞ்சு. இழைக்கு நேர்ந்தால் அது நாராய்ப்போய் உதவாது. கொஞ்சாக்கைப் பாளமாக இறுக்கி விற்பதும் உண்டு, அதற்கு நேர்ந்தால் புதிதாக ஒரு பண்டமே கிடைத்துவிடுகிறது.

நகாஜிமா பிறந்த அந்த இபராக்கி மலையோரத்தில் இதையே ஒரு தொழிலாகச் செய்கிறார்கள். மெல்லிய கொஞ்சாக் பாளங்களைக் கடுங்குளிர்கால வயலில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் அடுக்கி, தண்ணீர் தெளித்து, இரவில் உறைவதும் பகல் வெயிலில் உருகுவதுமாக நாள் கணக்கில் விட்டு, கடைசியில் காகிதம்போல் உலர்ந்ததைக் கட்டி வைக்கிறார்கள். குழந்தைகளின் முகம் துடைக்கும் மென்பஞ்சாகவும் அது பயன்பட்டிருக்கிறது. நம் வீட்டில் அவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை: பாளத்தை விரற்கனத் துண்டுகளாக்கி ஓரிரவு உறையவைத்து, காலையில் உருகியதும் கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு, கொதிக்கும் காரக் குழம்பில் போட்டால், நேற்றுவரை ஒரு சொட்டுக் குழம்பையும் உள்ளே விடாதிருந்த அதே பொருள், இன்று துளைதோறும் அதைக் குடித்துக்கொண்டு கடிக்கக் கடிக்கச் சாறு விடும்.